கண்ணளவு மாஸ்டரும் ஒன்பது இஞ்ச் சங்கும்

அன்றைக்குப் படகில் இருந்தவர்கள் சரியாக நான்கு பேர். நான். எங்கள் கடை கட்டிங் மாஸ்டர். கடலுக்கடியில் மூச்சுவிடக் கற்றுக்கொடுக்கும் ஜெனி என்கிற பெண். படகு ஓட்டிய தேசப்பன். இவர்களைத் தவிர ஒரு இஞ்ச் டேப்பும் இருந்தது. அதை நாலாக மடித்து என் ரப்பர் சட்டையின் இடது கைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாஸ்டருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டைத் தாண்டி அது வெளியே வந்ததில்லை. தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் இருக்கும் சந்தில், எல்லோருக்கும் அவர் கண்ணளவு. அளவு நாடா என்பது குருடர்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று மனதார நம்பிய ஒரே தையல்காரர் இந்தச் சென்னையில் அவர்தான். முப்பத்தொரு வருடத்தில் அவர் கையில் நான் டேப்பைப் பார்த்ததில்லை. துணிக்கடையில் துணிச் சுருளை அளக்க மட்டும் சாண் போடுவார். அவர் சாண் ஒன்பது இஞ்ச். ஒரு நூல் கூடாது, ஒரு நூல் குறையாது.

கடை என் பெயரில். கத்தரிக்கோல் அவர் கையில். கஸ்டமர் படியேறி வருவார். கண்ணளவு ஒரு முறை பார்ப்பார், கண் சிமிட்டுகிற நேரம்தான். அதற்குப் பிறகு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு எண்களைச் சொல்லுவார். நான் எழுதிக்கொள்ள வேண்டும்.

மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி முதல் தடவை வந்தார். எண்களைக் கேட்டதும் அவருக்குச் சந்தேகம். "தொட்டு அளவெடுக்க வேண்டாம்னு நானே சொல்லணும்னு இருந்தேன். அதுக்காக அளவே எடுக்கலைன்னா எப்படி?" என்றார். கண்ணளவு மின்விசிறியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "எடது தோளு கால் இஞ்சு தூக்கல். வீணை வாசிப்பீங்களா?" என்று கேட்டார். மாமி நாற்பது வருடமாக வீணை வாசிக்கிறவர். அன்றிலிருந்து அவர் குடும்பத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் முதல் பத்திரிகை எங்கள் கடைக்குத்தான் வரும்.

எல்லோரும் இப்படி சந்தோஷப்படவில்லை. ராயப்பேட்டையில் ஒரு மெஸ்ஸில் தோசை வந்து இலையில் விழுந்ததும், "போன வாரத்துக்கு இது முக்கால் இஞ்சு கம்மி" என்று நிதானமாகச் சொன்னார். பக்கத்து இலைக்காரர்கள் எல்லாம் தங்கள் தோசையைக் குனிந்து பார்த்தார்கள். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்து அவரை மட்டும் ஓரமாக அழைத்துப் போனார். அதற்குப் பிறகு அந்த மெஸ்ஸில் கண்ணளவுக்கு மட்டும் தோசை பழைய அளவில் வந்தது. கூடப் போன எனக்குப் புதிய அளவில்.

ஒரு நாள் மெட்ரோ வேலைக்காக சைதாப்பேட்டை பஸ்ஸைச் சந்துக்குள் திருப்பினார்கள். கண்ணளவு கண்டக்டரிடம் போய், மூன்று விரல்கடை இடிக்கும் என்றார். கண்டக்டர் டிக்கெட் எடுத்தாச்சா என்று கேட்டார். பஸ் சரியாக மூன்று விரல்கடையில் மாட்டியது. இறங்கி நடந்த அத்தனை பேரும் இவர்தான் பஸ்ஸைக் கெடுத்த மாதிரி முறைத்துக்கொண்டே போனார்கள்.

நான் இதற்கு நேர் எதிர். பூட்டிய ஷட்டரை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பவன். கேஸ் அடைத்தோமா என்று தேனாம்பேட்டை சிக்னலில் வண்டியை ஓரங்கட்டி வீட்டுக்குப் போன் போடுபவன். ஏழாம் வகுப்பில் பள்ளியை விட்டுவிட்டேன். படித்தவர்களுக்கு எது நடக்கும் எது நடக்காது என்று தெரியும். எனக்கு அந்த வசதி இல்லாததால் எல்லாமே நடக்கும் என்று வைத்துக்கொண்டு பயப்படுகிறேன்.

ஆகவே கண்ணளவு ஒரு எண் சொன்னால் என் கை தானாக டேப்புக்குப் போகும். அதற்காகவே கடையில் ஒரு பந்தயம் இருந்தது. சந்தேகப்பட்டு டேப்பை எடுத்தால் பத்து ரூபாய். அவர் சொன்னது சரி என்றால் நான் தர வேண்டும், தப்பு என்றால் அவர் தர வேண்டும். முப்பத்தொரு வருடமாக அவர் சாயங்கால டீயும் வடையும் என் சந்தேகத்தில்தான் ஓடின.

அப்படிப்பட்டவர், போன வருடம் ஆடித் தள்ளுபடி நேரத்தில், முப்பத்தைந்தரை இருந்த ஒரு அம்மாவை முப்பத்துநாலு என்று சொன்னார்.

பழைய ரவிக்கை ஒன்று கையில் இருந்ததால் எனக்குத் தெரிந்தது. பந்தயம் கட்டவில்லை. வாயைத் திறக்கவில்லை. அவர் போட்ட சாக்பீஸ் கோட்டைத் தள்ளிப்போட்டுத் தைத்துக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கடுத்த வாரம் இரண்டு. பிறகு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கஸ்டமர் படியிறங்கியதும் சில்லறை கொடுக்க மறந்தவன் மாதிரி பின்னாலேயே ஓடுவேன். கீழே, இளநீர் வண்டி மறைவில், அவசரமாக டேப்பைப் போட்டு அளந்துகொண்டு மேலே வந்து கோட்டைத் திருத்துவேன். ஆறு மாதம் இப்படி ஓடியது. இளநீர்க்காரர் என்னை என்ன நினைத்தாரோ.

சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் இருந்தது. "கண்ணு என்னிக்குப் பொய் சொல்லுதோ, அன்னிக்குக் கத்திரிய வெச்சுட்டுப் பூடுவேன்." அவர் சொன்னால் செய்துவிடுவார். எங்கே போவார்? சைதாப்பேட்டையில் ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு என்று தெரிந்தும் வந்து மூடிய ஷட்டர் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர்.

அந்தச் சமயத்தில்தான் ஜெனி ஒரு ஆட்டோ நிறைய ரப்பர் சட்டைகளோடு வந்தாள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே சட்டை, முதுகில் நீளமாக ஒரு ஜிப். அடையாறில் அவள் வேலை செய்யும் கம்பெனி ஆட்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்க் காட்டுகிறதாம். உப்பு தின்று ஒரு ஜிப்கூட ஏறவில்லை. வேறு எந்தத் தையல்காரரும் அதைத் தொடவில்லை, ஊசி போய்விடும் என்று. நான் தொட்டேன், எனக்கு மூன்று ஊசி போனது. கூலியில் பாதி பணமாகவும் மீதிக்கு இரண்டு பேரைக் கடலுக்கடியில் கூட்டிப்போவதாகவும் ஜெனி சொன்னாள். மீதியும் பணமாகவே இருக்கட்டும் என்று நான் வாயெடுப்பதற்குள் மாஸ்டர் முந்திக்கொண்டார்.

"ரெண்டு பேரு வர்றோம்மா."

"எனக்கு நீச்சல் தெரியாது மாஸ்டர்."

"அடியில போறதுக்கு இன்னாத்துக்கு நைனா நீச்சலு? மேல நிக்கறவனுக்குத்தான் அது வேணும்."

நிரப்பச் சொல்லி ஒரு படிவம் கொடுத்தார்கள். இதயம், காது, மூக்கு, வலிப்பு, மயக்கம் என்று வரிசையாகக் கேட்டிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்து எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று டிக் போட்டேன். பின்னால் பிரச்சினை வரக்கூடாது பாருங்கள். அதனால் டாக்டர் சீட்டு வேண்டும் என்றார்கள். சைதாப்பேட்டை டாக்டர் அரைமணி நேரம் என்னைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒரே ஒரு வியாதிதான் இருக்கு. அது இந்த லிஸ்ட்ல இல்ல" என்று கையெழுத்துப் போட்டார்.

முதல் பாடம் அடையாறில் ஒரு அடுக்குமாடி வீட்டு நீச்சல் குளத்தில். நாலடித் தண்ணீர். ஜெனி பன்னிரண்டு விஷயம் சொன்னாள். என் காதில் விழுந்தது ஒன்றுதான்: எது நடந்தாலும் மூச்சை அடக்கக்கூடாது, விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டேன், மற்ற பதினொன்றும் தலைக்கு மேல் போயின. கண்ணளவோ முகக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதற்குள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது மூடுகிற மூடல். அவர் கண்ணை மூடினால் காதும் மூடிக்கொள்ளும். ஒரே ஒரு தடவை திறந்தாராம். திறந்த கண் சும்மா இருக்குமா? தரை டைல்ஸைப் பார்த்து அளந்துவிட்டது.

துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர் வாட்ச்மேனிடம், "டைல்ஸு பதினாறுக்குப் பதினாறு. நல்ல ஐட்டம்" என்றார்.

"ஒரடிக்கு ஒரடிங்க. பன்னெண்டு இஞ்சு. நாந்தான் வண்டிலருந்து எறக்கி எண்ணி வெச்சேன்" என்றான் வாட்ச்மேன்.

தி.நகர் வரைக்கும் ஆட்டோவில் கண்ணளவு கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைவாசலில் இறங்கும்போது, ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பதினாறுன்னு தெரிஞ்சுது நைனா. நாலு இஞ்சு. நாலு இஞ்சு தப்பு."

"தண்ணியில யாருக்குத் தெரியும் மாஸ்டர்?"

"ஞாயித்துக்கெழம கடல்ல பாத்துடறேன். அங்கியும் தப்புச்சுன்னா கத்திரிய உன் மேஜ மேல வெச்சுடறேன். நீ ஒண்ணியும் பேசக்கூடாது."

அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கமில்லை. கடலில் செத்துப்போவேன் என்பது பழைய பயம். அது பின்வரிசைக்குப் போய்விட்டது. அங்கே அவர் ஒரு எண் சொல்லுவார், அது தப்பாக இருக்கும், திங்கட்கிழமை என் மேஜை மேல் கத்தரிக்கோல் இருக்கும். டேப்பைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டது அதனால்தான். எதற்கு என்று தெளிவாகத் தெரியவில்லை. டேப் இல்லாமல் ஒரு பிரச்சினையைப் பார்க்க எனக்குத் தைரியம் போதாது, அவ்வளவுதான்.

ஞாயிறு விடிந்தும் விடியாமலும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனோம். கடல் வீடுகளுக்கு நடுவே அவ்வப்போது தெரிந்தது, இஸ்திரி போட்டு மடித்து வைத்த துணி மாதிரி. ஒரு அலைகூட இல்லை. இந்த மாதிரித் தெளிந்த தண்ணீர் வருடத்தில் கொஞ்ச நாள்தான் கிடைக்கும் என்றாள் ஜெனி. எனக்குக் கிடைக்கும் அதிர்ஷ்டமெல்லாம் இப்படி வேண்டாத இடத்தில்தான் கிடைக்கும்.

ரப்பர் சட்டை மாட்டும்போது இன்னொரு சங்கடம் உறைத்தது. என் முதுகில் ஏறியது நானே தைத்த ஜிப். அந்தத் தையலை வேறு யார் போட்டிருந்தாலும் நம்பியிருப்பேன். எனக்கு என்ன சைஸ் என்று ஜெனி ஒரு அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணளவு வழக்கமாக அதைப் பிடுங்கி ஓரம் வைத்திருப்பார். அன்றைக்கு அட்டவணையே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

தேசப்பன் படகை நிறுத்திவிட்டு, கல் கட்டிய கயிற்றை உள்ளே விட்டார். கல் தரை தட்டியதும் கயிற்றை இழுத்து, இரண்டு கையையும் அகல விரித்து விரித்து எண்ணினார்.

"அஞ்சு பாகம். முப்பதடி வெச்சுக்கோ."

கண்ணளவு நிமிர்ந்தார். "மிஷினு வெச்சுப் பாக்கமாட்டியா?"

"ரெண்டு கை கீதே தலீவரே. அது எதுக்கு?"

அன்று காலையில் மாஸ்டர் முகத்தில் லேசாக உயிர் வந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

நாங்கள் படகு விளிம்பில் உட்கார்ந்து பின்பக்கமாக விழ வேண்டுமாம். முன்பக்கம் பார்த்துக்கொண்டு விழுவதே எனக்கு ஒவ்வாதது. ஜெனி மூன்று எண்ணினாள். நான் இரண்டிலேயே விழுந்தேன், பயத்தில்.

தலை முங்கியதும் சென்னை நின்றுவிட்டது.

ஹாரன் இல்லை. பாண்டி பஜாரில் புடவை விற்கும் ஒலிபெருக்கி இல்லை. முப்பத்தொரு வருடமாக என் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் தையல் மிஷின்கூட இல்லை. என் மூச்சு மட்டும் இருந்தது. உள்ளே போகும்போது ஒரு சீறல், வெளியே வரும்போது ஒரு குமுறல். இவ்வளவு நாளும் இதுதான் நடந்துகொண்டிருந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது. யாரும் சொல்லவில்லையே.

ஜெனி என் கையைப் பிடித்துக் கயிற்றோடு இறக்கினாள். காது அடைக்கும்போதெல்லாம் மூக்கைப் பிடித்து ஊதச் சைகை காட்டினாள். ஒரு சின்ன 'டிக்', உடனே இன்னும் கொஞ்சம் கீழே. பச்சைக்குள் பச்சை. மேலே பார்த்தேன். படகின் அடிவயிறு ஒரு பெரிய மீனைப்போல அசையாமல் நின்றது. வெயில் தண்ணீருக்குள் நீள நீளமாக இறங்கி, பாதி வழியில் எங்கேயோ மறந்துபோய் நின்றது.

கீழே மணல். மணலில் ஒரு உடைந்த காங்கிரீட் கிணற்று உறை. அதற்குள்ளிருந்து மஞ்சள் கோடு போட்ட குட்டி மீன்கள் ஒரு கூட்டமாக வெளியே வந்தன, எங்களைப் பார்த்தன, உள்ளே போயின. திரும்பவும் வெளியே வந்தன. வழிகாட்டி யாருமில்லாமல் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பின. வஞ்சிரம், சங்கரா என்று தட்டில் மட்டுமே பார்த்த சாதிக்காரர்களை முதல் தடவையாக அவர்கள் வீட்டில் போய்ப் பார்க்கிற கூச்சம் எனக்கு வந்தது. ஒரு சங்கரா என் முகக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து என்னை உற்றுப் பார்த்தது. சாப்பிட்டதை எல்லாம் ஞாபகம் வைத்திருக்குமோ என்று நினைத்தேன். வால் ஆட்டிவிட்டுப் போனது.

என் பயங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். கேஸ் அடைத்தேனா? தெரியவில்லை. ஷட்டர்? தெரியவில்லை. அதெல்லாம் முப்பது அடிக்கு மேலே, வேறு யாருடைய வீட்டிலோ நடக்கும் விஷயம் மாதிரி இருந்தது. எனக்கு எடையே இல்லை. இடுப்பில் ஈயக்கட்டிகளைக் கட்டித்தான் என்னைக் கீழே வைத்திருந்தார்கள். அப்படியும் மூச்சை இழுத்தால் ஒரு சாண் மேலே போனேன், விட்டால் ஒரு சாண் கீழே வந்தேன். யாரோ தொட்டில் ஆட்டுகிற மாதிரி. நான் தூங்கிவிடுவேன் என்றுகூடத் தோன்றியது. நாற்பத்தெட்டு வயதில், கடலுக்கடியில்.

அப்போதுதான் கண்ணளவைப் பார்த்தேன்.

கண்ணை மூடவில்லை. முழுக்கத் திறந்திருந்தார். அந்தக் கண்ணாடிக்குள் இரண்டு கண்ணும் ஜவுளிக்கடை ஷோகேஸ் முன்னால் நிற்கும் குழந்தையின் கண்களைப் போலிருந்தன. அவருக்கு இரண்டடி தள்ளி மணலில் ஒரு பெரிய சங்கு கிடந்தது. நிறம் வெளுத்த, நுனி கூரான பழைய சங்கு. அவர் அதைப் பார்த்தார். வழக்கமான கண் சிமிட்டல். மின்விசிறி இல்லாததால் படகின் அடிவயிற்றைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, பத்து விரலையும் விரித்துக் காட்டினார். மடக்கினார். இரண்டு விரல் காட்டினார்.

பன்னிரண்டு.

நீ டேப் எடு என்பது போலப் பார்த்தார். நான் கொண்டுவந்திருப்பேன் என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா? முப்பத்தொரு வருடம்.

சட்டைக் கைக்குள் இருந்து டேப்பை இழுத்தேன். கையை விட்டதும் அது நிமிர்ந்து, ஒரு மஞ்சள் பாம்பு மாதிரி மெதுவாக மேலே நெளிந்தது. மீன்கள் ஒதுங்கி வழி விட்டன. ஜெனியின் கண்கள் கண்ணாடிக்குள் வட்டமாகின. எதையும் தொடக்கூடாது என்று பாடத்தில் சொல்லியிருந்தாள். டேப் படலாமா கூடாதா என்று சொல்லவில்லை. நான் டேப்பின் நுனியைச் சங்கின் நுனிக்கு நேராகப் பிடித்து, மறுமுனையைப் பார்த்தேன்.

ஒன்பது.

இன்னொரு தடவை பார்த்தேன். மூன்றாவது தடவையும் பார்த்தேன், என் சுபாவம். ஒன்பது.

முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாகப் பந்தயத்தில் நான் ஜெயித்திருந்தேன். எனக்கு அந்த வெற்றி எவ்வளவு வேண்டாததாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. அவர் கொஞ்சம் தள்ளி, முழங்கால் மடித்து, கையைக் கட்டிக்கொண்டு மிதந்துகொண்டிருந்தார். தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர் மாதிரி.

நான் டேப்பைச் சங்கிலிருந்து எடுத்தேன். கட்டைவிரலை நகர்த்தி நகர்த்திப் பன்னிரண்டில் கொண்டுபோய் அழுத்தினேன். சங்கு முடிந்த இடம் இதுதான் என்பது போல அப்படியே தூக்கி அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். டேப்பைத் தவிர எதையும் நம்பாதவன், அந்த டேப்பையே பொய் சொல்ல வைத்தேன்.

அவர் பன்னிரண்டைப் படித்தார். என் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு மெல்ல முன்னால் வந்து, தன் வலது கையை விரித்து, சங்கின் மேல் படாமல் அதன் நீளத்துக்குச் சாண் போட்டார். கட்டைவிரல் சங்கின் நுனிக்கு நேரே. சுண்டுவிரல் மறுமுனைக்கு நேரே. ஒரு நூல் கூடவில்லை, ஒரு நூல் குறையவில்லை.

அந்தச் சாண் எவ்வளவு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர் தன் சாணையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலை மடக்கி மறுபடி விரித்தார். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார், தூரத் தள்ளினார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் வாயைச் சுற்றிக் குபுகுபுவென்று குமிழிகள் வெடித்துக் கிளம்பின. மூச்சுத் திணறுகிறது என்று நான் பதறினேன். ஜெனியும் பாய்ந்து வந்து அவர் தோளைப் பிடித்தாள். கண்ணாடிக்குள் அவர் கண்ணைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. மாஸ்டர் சிரித்துக்கொண்டிருந்தார்.

படகில் ஏறியதும் ஜெனி என்னைப் பிடித்துக்கொண்டாள். கடலுக்கடியில் டேப் எடுத்த ஆளை அவள் இதுவரை பார்த்ததில்லையாம். எதற்கு என்று கேட்டாள். வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னேன்.

"தண்ணிக்குள்ள எல்லாமே பெருசாத்தான் அங்கிள் தெரியும். கண்ணாடி போட்டா அப்படித்தான். ரெண்டு தடவை சொன்னேனே. குளத்துல ஒரு தடவை, காலைல படகுல ஒரு தடவை" என்றாள்.

டம்ளர் தண்ணீரில் பென்சிலை விட்டால் வளைந்து தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம் உண்டாமே. நான் பள்ளியை விட்டு நின்ற மறுவாரம் அதை நடத்தியிருப்பார்கள் போலிருக்கிறது.

கண்ணளவு தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். "நீ சொல்லவேணாம்மா. நானே புட்ச்சிட்டேன்" என்றார். "டைல்ஸு பன்னெண்டு, பதினாறாத் தெரிஞ்சுது. என் சாணு ஒம்போது, பன்னெண்டாத் தெரிஞ்சுது. மூணுக்கு நாலு. ரெண்டு எடத்துலயும் அதே கணக்கு. கெட்டுப்போன கண்ணு இவ்ளோ ஒழுங்கா தப்பு பண்ணாது. நடுவுல தண்ணி நிக்குது, அவ்ளோதான்."

ஜெனி வாயைத் திறந்தபடி நின்றாள். அதே கணக்கைத்தான் அவளுக்குப் புத்தகத்தில் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்களாம். தேசப்பன், இதில் என்ன இருக்கிறது என்பது போல இன்ஜினைத் தட்டினார்.

படகு திரும்பியது. எனக்கு நிம்மதி. கத்தரிக்கோல் தப்பித்தது என்று நினைத்தேன். அப்போது அவர் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, இன்ஜின் சத்தத்துக்கு அடியில் பேசினார்.

"கடையில தப்பறது வேற, இன்னா?"

நான் கடலைப் பார்த்தேன்.

"அது ஒழுங்கா தப்பல. ஒரு நாளு ஒரு இஞ்சு, ஒரு நாளு ஒண்ணரை. ஆறு மாசமா நீ எளநி வண்டியாண்ட நின்னுக்கினு கஸ்டமர மறிச்சு மறிச்சு அளவெடுக்கற. என் கோட்டத் தள்ளிப் போடற. எனுக்குத் தெரியாதுன்னு நென்ச்சுக்கினியா?"

"ஏன் மாஸ்டர் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

நான் நனைந்த டேப்பை எடுத்துச் சுருட்டினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"கண்ணு பொய் சொல்லுதுன்னு ஆறு மாசமா அத்தத் திட்டிக்கினு இருந்தேன். இன்னிக்குத்தான் புரியுது. மேலயும் நடுவுல இன்னாவோ வந்து நிக்குது, தண்ணி மாரி. கண்ணு இன்னா பண்ணும், பாவம்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உப்புத் தண்ணீர்தான். "நாளிக்கு கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டினு போ நைனா."

"அப்போ கத்திரி?"

"அது பாட்டுக்குக் கெடக்கட்டும். நான் வர்ற வரைக்கும் டேப் வெச்சு வெட்டு. கேவலமாத்தான் இருக்கும். பரவால்ல."

கண்ணில் புரை. இரண்டு கண்ணிலும். டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம் என்றார். நான் அதற்கும் பயந்தேன், அவருக்குப் பதிலாக. அவர் ஆபரேஷன் மேஜையில் படுத்துக்கொண்டு, தலைக்கு மேலே தொங்கிய விளக்கின் விட்டம் என்ன என்று டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்ததாக நர்ஸ் வந்து சொன்னார். அப்போதே எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

இரண்டாவது கண்ணின் கட்டைப் பிரித்த அன்று நான் கட்டிலுக்கு எதிரே நின்றேன். அவர் முதலில் டாக்டரைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், கண் சிமிட்டுகிற நேரம். உடனே மின்விசிறிக்குப் போய்விட்டார்.

"இடுப்பு நாப்பதா ஆயிடுச்சு நைனா. போன தீவாளிக்கு முப்பத்தெட்டரை. நைட்ல சோறு துன்றத வுடு."

என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. டேப் இருந்தது, எப்போதும் போல. விரலில் பட்டது. அப்படியே விட்டுவிட்டேன். நாற்பதுதான். அவர் சொன்னால் நாற்பதுதான்.

"இன்னா, எடுக்கலியா? பத்து ரூபா" என்றார், மின்விசிறியிடம்.

"ஏற்கெனவே ஒரு பத்து ரூபா கெடக்கு மாஸ்டர். அத மொதல்ல தீத்துக்கலாம்."

அது இன்றுவரை தீரவில்லை. சங்கு ஒன்பது, டேப் ஜெயித்தது, ஆகவே நான்தான் உனக்குத் தர வேண்டும் என்கிறார் அவர். பன்னிரண்டு என்று நானே காட்டி ஒத்துக்கொண்டேன், ஆகவே நான்தான் உங்களுக்குத் தர வேண்டும் என்கிறேன் நான். தினமும் சாயங்காலம் டீ வரும்போது இந்த வழக்கு நடக்கும், இரண்டு பேரும் பையில் கைவைப்போம், இரண்டு பேரும் வாங்க மாட்டோம். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன் நான். அந்தக் கணக்கு தீராத வரைக்கும் மறுநாள் காலை அவர் படியேறி வந்துவிடுவார் என்பதில் மட்டும் எனக்குப் பயமில்லை.

பாக்கி: பத்து ரூபாய்.